கேளுங்க சொல்றேன்: 160 ஏக்கர் சும்மாவா கொடுத்தாங்க?

போன இதழ்ல ஒரு வாசகர், உலகத்துல எந்த கவர்மென்ட்டாவது ஜனங்களுக்கு நிலத்தை சும்மா தூக்கி கொடுத்திருக்கான்னு கேட்டிருந்தார். இடம் பத்தாத அவசரத்துல நானும் "ஏன், அமெரிக்கா ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்துச்சே"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிஞ்சிருக்கிற கடிதாசையும் வாட்ஸப்பையும் பார்த்தா, டெல்லில ரெண்டாவது மாடி ஃப்ளாட்ல தொட்டியில கறிவேப்பிலை வளர்க்கிற அத்தனை பேருக்கும் உள்ளுக்குள்ள ஒரு மிராசுதார் தூங்கிட்டு இருக்கார்னு தெரியுது. அதனால இந்த மாசம் சினிமா, அரசியல், மாமியார் கேள்வியெல்லாம் ஓரமா வெச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (ஆர்.கே.புரம் வாசகர்): சார், 160 ஏக்கர்ங்கிறது அச்சுப்பிழையா? எங்க தாத்தாவுக்கு பாபநாசம் பக்கத்துல ஏழு ஏக்கர் நஞ்சை, அதை வெச்சே நாலு பொண்ணை கட்டிக் கொடுத்தார். ஒரு ஆளுக்கு 160 ஏக்கர் எப்படி சார் சும்மா கொடுப்பாங்க?

பதில்: அச்சுப்பிழை இல்ல சார். 1862 மே 20 அன்னிக்கு லிங்கன் கையெழுத்து போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 1863 ஜனவரி 1-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. 21 வயசு ஆகியிருக்கணும், இல்லைன்னா குடும்பத்துக்கு தலைவரா இருக்கணும், அமெரிக்க பிரஜையா இருக்கணும், இல்ல பிரஜை ஆகப் போறேன்னு எழுதிக் கொடுத்திருக்கணும், அவ்ளோதான். ஃபீஸ் எல்லாம் சேர்த்து சுமார் 18 டாலர். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் வெச்சு, ரெண்டு சாட்சியை கூட்டிட்டு போய் லேண்ட் ஆபீஸ்ல நிரூபிச்சா பட்டா கைக்கு வரும். பொறுமை இல்லாதவங்க ஆறு மாசம் இருந்துட்டு ஏக்கருக்கு ஒண்ணேகால் டாலர் கட்டியும் வாங்கிக்கலாம். நம்ம லோதி கார்டன் 90 ஏக்கர், கிட்டத்தட்ட ரெண்டு லோதி கார்டனை உங்க பேர்ல எழுதிக் கொடுத்த மாதிரி, கஜக் கணக்குல பார்த்தா ஏழே முக்கால் லட்சம் கஜம் (டெல்லிக்காரங்களுக்கு இதைச் சொன்னாத்தான் மூச்சு நிக்கும்).

ஆனா உங்க தாத்தா பேச்சை எடுத்தீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. அந்த 160 எங்கிருந்து வந்துச்சு? ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதை 36 சதுரமா வெட்டினா ஒண்ணு ஒண்ணும் 640 ஏக்கர், அதுல கால் பங்கு 160. மேஜை மேல மேப்பை விரிச்சு ஸ்கேல் வெச்சு போட்ட கோடு இது. ஆறு எங்க ஓடுது, மேடு எது பள்ளம் எது, மழை எவ்ளோ, எதுவும் பார்க்கல. நம்ம ஊர்ல எந்த கர்ணமும் "எத்தனை ஏக்கர்"னு மட்டும் எழுத மாட்டார், நஞ்சையா புஞ்சையான்னு கேட்டுட்டுதான் பேனாவையே எடுப்பார். கிழக்குப் பக்கம் மழை நல்லா பெய்யிற இடத்துல 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு தாராளம், ஏன், ஜாஸ்தியே. அதே 160-ஐ மேற்கே நூறாவது தீர்க்கரேகையைத் தாண்டி கொண்டு போய் வெச்சா வருஷத்துக்கு 20 அங்குல மழை கூட நிச்சயம் கிடையாது, டெல்லிக்கே கிட்டத்தட்ட 30 அங்குலம் பெய்யுதுன்னா யோசிச்சுக்கோங்க. முழுக்க மானாவாரி, வாய்க்கால் கிடையாது, ஏரி கிடையாது.

இதை ஒருத்தர் முன்னாடியே சொன்னார். ஜான் வெஸ்லி பவல்னு ஒரு சர்வேயர், உள்நாட்டுப் போர்ல ஒரு கையை இழந்தவர், கொலராடோ ஆத்துல படகு விட்டுட்டு போனவர், 1878-ல அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் கொடுத்தார். வறண்ட பகுதியில தண்ணி பாயுற நிலம்னா ஒரு ஆளுக்கு 80 ஏக்கர் போதும், தண்ணி இல்லாத மேய்ச்சல் நிலம்னா 2,560 ஏக்கர் கொடுத்தாத்தான் பிழைப்பான்னு எழுதினார். அதாவது நஞ்சைக்கு ஒரு கணக்கு புஞ்சைக்கு ஒரு கணக்கு, நம்ம ஊர் சம்சாரி கோவணத்தோட நின்னு சொல்றதை அந்த மனுஷன் வாஷிங்டன்ல கோட்டு போட்டுட்டு சொன்னார். யார் கேட்டா? ரயில் கம்பெனிக்காரங்களுக்கு ஆள் வந்து குடியேறினாத்தான் டிக்கெட்டும் விக்கும், ஓரத்து நிலமும் விக்கும், அவங்க கிட்டயே கவர்மென்ட் கொடுத்த நிலம் கோடிக்கணக்கான ஏக்கர் இருந்துச்சு. ஐரோப்பா முழுக்க நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாங்க. ஏர் போற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்னு ஒரு தியரியே கிளப்பி விட்டாங்க, 1881-ல அதை புஸ்தகத்துலயே எழுதினார் ஒருத்தர். கெட்ட நேரம், எழுபதுகளோட கடைசியிலயும் எண்பதுகளோட ஆரம்பத்துலயும் நிஜமாவே மழை நல்லா பெஞ்சு தொலைச்சுது, ஜனங்க நம்பிட்டாங்க. 1890-கள்ல வானம் கையை விரிச்சதும் மேற்கு கான்ஸஸ்ல இருந்து குடும்பம் குடும்பமா வண்டியைத் திருப்பிட்டாங்க. அப்புறம்தான் புத்தி வந்து 1904-ல நெப்ராஸ்காவோட மேற்குப் பக்கத்துக்கு மட்டும் 640 ஏக்கர், 1909-ல வறண்ட மாநிலங்களுக்கு 320 ஏக்கர்னு கூட்டினாங்க. மொத்தத்துல சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் பட்டா ஆச்சு, அது பெரிய விஷயம்தான், மறுக்கல. பட்டா ஆகாம பாதியில மூட்டை கட்டினவங்களும் லட்சக்கணக்குல உண்டு.

கேள்வி (கரோல் பாக் வாசகி): அண்ணா, அந்தப் பக்கம் மரமே கிடையாது வெறும் புல்வெளின்னு என் பேத்தி ஸ்கூல் புக்ல படிச்சேன். மரம் இல்லாம வீடு எப்படி கட்டினாங்க, அடுப்பு எதை வெச்சு எரிச்சாங்க?

பதில்: வாங்கம்மா, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. வீடு மண்ணாலதான், ஆனா நம்ம ஊர் மாதிரி குழைச்ச மண்ணு இல்ல. அந்த புல்லுக்கு வேர் ஆழமா, பாய் முடைஞ்ச மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும், கலப்பையை வெச்சு பட்டை பட்டையா உரிச்சு, மூணு அடி நீளம் ஒரு அடி அகலத்துக்கு துண்டு போட்டு, புல்லு பக்கம் கீழ வர்ற மாதிரி செங்கல் போல அடுக்குவாங்க. 16 அடிக்கு 20 அடி வீடு கட்ட அரை ஏக்கர் புல்தரையை உரிக்கணும். சுவர் ரெண்டு மூணு அடி கனம். வெயில்ல குளுகுளுன்னும் குளிர்ல கதகதன்னும் இருக்கும், டெல்லி ஜனவரில நம்ம கான்க்ரீட் ஃப்ளாட்ல நடுங்கிக்கிட்டு இருக்கும்போது எனக்கு அந்த வீடு ஞாபகம் வரும். ஆனா மழை பெஞ்சா கூரையும் அதே மண்ணுதானே, வெளியில மழை விட்டாலும் உள்ள ரெண்டு நாள் சொட்டும், சமைக்கிறப்ப குழம்புல மண்ணு விழும், சில நேரம் கூரையிலிருந்து பாம்பே விழும், அதுக்காகவே உள்பக்கம் விதானம் மாதிரி மஸ்லின் துணி கட்டி வெச்சிருப்பாங்க. அந்த வீடுகளையும் ஜனங்களையும் சாலமன் புட்சர்னு ஒரு போட்டோகிராபர் 1886-லேர்ந்து நெப்ராஸ்காவுல வண்டி கட்டிட்டு போய் போய் படம் எடுத்தார். அதுல ஒவ்வொரு குடும்பமும் மண் வீட்டு முன்னாடி நாற்காலி, மாடு, குதிரைன்னு இருக்கிற சொத்தெல்லாம் வெளியில இழுத்து வெச்சு நிக்கும், ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பத்தானே! நம்மாளுங்க முதல் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட மாதிரி.

அடுப்புக்கு வறட்டி! ஆமாம்மா, காட்டெருமை சாணி காய்ஞ்சு அந்த வெளி பூரா கிடக்கும், பொம்பளைங்க கவுன்ல அள்ளிட்டு வருவாங்க. ஐரோப்பாவுல இருந்து வந்த மகராசிங்க முதல்ல ரெண்டு குச்சியால எடுத்தாங்களாம், அப்புறம் கந்தல் துணியால, அப்புறம் வெறுங்கையால, கடைசியில வறட்டியைப் போட்டுட்டு கை கழுவாமலே மாவு பிசைஞ்சாங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்க சிரிச்சிக்கிட்டே சொல்வாங்க. யமுனை ஓரத்துல உப்லே தட்டி காய வெச்சிருக்கிறதைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிற நம்ம பசங்களுக்கு இதைச் சொல்லுங்க. எருமை தீர்ந்ததும் புல்லையே முறுக்கி முறுக்கி விறகு மாதிரி எரிச்சாங்க, அது பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது, வீட்ல ஒரு ஆளுக்கு அதே வேலை.

கேள்வி (லக்ஷ்மி நகர் வாசகர்): இவ்ளோ நிலம்னா நம்ம ஊர் மாதிரி தில்லுமுல்லு நடந்திருக்குமே?

பதில்: நடக்காமலா! பன்னெண்டுக்கு பதினாலு வீடு கட்டியிருக்கான்னு சாட்சி சத்தியம் பண்ணுவான், அடியா அங்குலமான்னு மட்டும் சொல்ல மாட்டான், அங்கே போய் பார்த்தா பொம்மை வீடு ஒண்ணு நிக்கும். சக்கரம் வெச்ச வீட்டை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு நிலமா தள்ளிட்டு போய் நிறுத்தி கணக்கு காட்டினதும் உண்டு. டெல்லியில அனதரைஸ்டு காலனில பிளாட் வாங்கி மாட்டிக்கிட்ட நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கேள்வி (முனிர்கா, மாணவி): பொண்ணுங்களுக்கும் நிலம் கொடுத்தாங்களா அங்கிள்?

பதில்: கொடுத்தாங்கம்மா, அதுலதான் ஒரு தமாஷ். கல்யாணமாகாத பொண்ணு, விதவை, புருஷன் விட்டுட்டு போனவங்க இவங்கல்லாம் தன் பேர்லயே வாங்கலாம், கல்யாணமாகி புருஷனோட இருக்கிறவங்களுக்குத்தான் கிடையாது. புட்சர் 1886-ல எடுத்த படத்துல கிறிஸ்மன் குடும்பத்துச் சகோதரிகள் நாலு பேர் மண் வீட்டு முன்னாடி நிப்பாங்க, பக்கத்துல குதிரைங்க சேணத்தோட நிக்கும், அதுல மூத்தவங்க தன் பேர்லயே நிலம் கேட்டு வாங்கினவங்க. பக்கத்துல கனடாவுல 1872-ல இதே மாதிரி சட்டம், பத்து டாலர் ஃபீஸ், 160 ஏக்கர், ஆனா பெத்த பிள்ளைங்களை வளர்க்கிற விதவை மாதிரி குடும்பத் தலைவியா இருந்தாத்தான் கொடுப்பாங்க, தனிப் பொண்ணுக்கு கிடையாதுன்னுட்டாங்க. கனடாவுல பொண்ணுங்க மனுவுக்கு மேல மனு போட்டு பார்த்தாங்க, 1930 வரைக்கும் ஒண்ணும் நடக்கல.

கேள்வி (மயூர் விஹார் வாசகர்): நம்ம இந்தியர் யாராவது அப்ப போயிருந்தா 160 ஏக்கர் கிடைச்சிருக்குமா?

பதில்: சட்டத்துல ஒரு வரி இருக்கு பாருங்க, "பிரஜை ஆகப் போறேன்னு எழுதிக் கொடுத்திருக்கணும்". கதவு அங்கதான் சாத்தியிருந்துச்சு. பிரஜை ஆகணும்னா வெள்ளைக்காரனா இருக்கணும்னு 1790 சட்டம், 1870-ல ஆப்பிரிக்க வம்சத்தையும் சேர்த்தாங்க, ஆசியாக்காரன் அந்த ரெண்டுலயும் வரமாட்டான். நடுவுல கொஞ்சம் இந்தியருக்கு சில கோர்ட்டுங்க கொடுத்துச்சு, 1923-ல பகத் சிங் திண்ட் கேஸ்ல (நம்ம பகத் சிங் இல்ல, அமெரிக்க ராணுவத்துல வேலை பார்த்த இன்னொருத்தர்) சுப்ரீம் கோர்ட்டு அதையும் இல்லைன்னு சொல்லிட்டுது. கலிபோர்னியாவுல போய் விவசாயம் பண்ணின பஞ்சாபிங்க 1913 சட்டத்தால நிலத்தை தன் பேர்ல வாங்க முடியாம வேற ஆள் பேர்லயும் அங்கேயே பொறந்த பிள்ளைங்க பேர்லயும் வெச்சு ஓட்டினாங்க. கனடா இன்னும் சாமர்த்தியம், நீ பொறந்த நாட்டுல ஏறின கப்பல் நடுவுல மாறாம நேரா வரணும்னு 1908-ல ரூல் போட்டாங்க, இந்தியாவுல இருந்து அப்படி கப்பலே கிடையாது. 1914-ல 376 பேரோட வான்கூவர் வாசல்ல நின்ன கோமகாட்டா மாரு கப்பலை ரெண்டு மாசம் காக்க வெச்சு திருப்பி அனுப்பினாங்க, அதுவும் எப்போ, பிரேரிங்கிற அந்தப் புல்வெளிப் பகுதிக்கு ஆள் போதலைன்னு உக்ரைன் பக்கமெல்லாம் ஏஜென்ட் வெச்சு ஆள் பிடிச்சு இருபது வருஷம் கூட ஆகாத காலத்துல.

கேள்வி (அதே மயூர் விஹார், வேற வாசகர், கொஞ்சம் கோபமா எழுதியிருக்கார்): சும்மா கொடுத்தாங்கன்னு எழுதறீங்களே, அந்த நிலம் யாரோடது?

பதில்: கோபம் நியாயம், போன தடவை அந்த ஒரு வரியில இதை விட்டது என் தப்பு. சட்டம் வந்த அதே 1862-ல மினசோட்டாவுல டகோட்டாங்கிற பழங்குடி ஜனங்களுக்கு, ஒப்பந்தப்படி நிலத்தை எழுதி வாங்கிட்டு தர வேண்டிய பணம் நேரத்துக்கு வரல, பட்டினி, சண்டை வந்துச்சு, டிசம்பர் 26 அன்னிக்கு 38 பேரை ஒரே மேடையில தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் மிச்ச ஜனத்தை அந்த மாநிலத்தை விட்டே துரத்தினாங்க. 1887-ல இன்னொரு சட்டம், பழங்குடிகளோட பொது நிலத்தை தலைக்கு இவ்ளோன்னு பிரிச்சுக் கொடுத்துட்டு "மிச்சம்"னு சொல்லி குடியேறிகளுக்கு திறந்து விட்டாங்க, அதுவும் அதே 160 ஏக்கர் கணக்குதான். அப்ப 13.8 கோடி ஏக்கர் அவங்க கையில இருந்துச்சு, 1934-ல 4.8 கோடி. நார்வேல இருந்தோ ஜெர்மனில இருந்தோ பசிக்கு ஓடி வந்த குடியானவன் இதையெல்லாம் திட்டம் போட்டு செஞ்சான்னு நான் சொல்ல மாட்டேன், அவன் கையில ஒரு நம்பர் சீட்டு இருந்துச்சு, அந்த நம்பரைத் தேடிட்டு போனான். சீட்டு கொடுத்தவங்களுக்கு எல்லாம் தெரியும்.

கேள்வி (துவாரகா வாசகர்): நம்ம பக்கம் இப்படி ஏதாவது குடியேற்றம் நடந்திருக்கா மாமா?

பதில்: டெல்லில இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியா! நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ஓல்டு ராஜிந்தர் நகர்ல ஒரு பர்சாத்தில (மொட்டை மாடி ரூம்) குடியிருந்தேன், வீட்டுக்கார பாட்டி சாயங்காலம் மொட்டை மாடில மட்டர் உரிச்சிக்கிட்டே "ஹமாரா சக்"னு ஆரம்பிப்பாங்க, எனக்கு அப்ப ஹிந்தியும் அரைகுறை, பஞ்சாபி சுத்தம், ஏதோ சாக்பீஸ் பத்தி சொல்றாங்கன்னு நினைச்சேன். சக்னா கிராமம். இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற லயால்பூர் பக்கம் ஆத்துக்கு நடுவுல இருந்த வறட்டு பூமிக்கு பிரிட்டிஷ்காரன் 1890-கள்ல செனாப் ஆத்துத் தண்ணியை வாய்க்கால் வெட்டி கொண்டு போனான், அப்புறம் அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர் ஜாட் குடும்பங்களை கூட்டிட்டு போய் சதுரம் சதுரமா நிலம் கொடுத்தான், அந்த சதுரத்துக்கு பேரு முரப்பா, ஒண்ணு 25 ஏக்கர் சுமாருக்கு வரும். கிராமத்துக்கு பேர் கூட கிடையாது, வாய்க்கால் கிளையை வெச்சு நம்பர்தான். நம்ம நிஜ பகத் சிங் பொறந்தது சக் நம்பர் 105 ஜி.பி., அந்த ஜி.பி.ங்கிறது குகேரா கிளை.

பாருங்க, மேஜை மேல கோடு போட்டது ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். பஞ்சாப்லயும் ஏற்கெனவே மாடு ஒட்டகம் மேய்ச்சிக்கிட்டு இருந்த ஜனம் இருந்துச்சு, அவங்களை ஜங்லின்னு பேர் வெச்சு ஓரம் கட்டினாங்க, அதுவும் ஒண்ணுதான். ஆனா இங்க முதல்ல தண்ணி போச்சு, பின்னாடி ஆள் போனான். அமெரிக்காவுல முதல்ல ஆளை அனுப்பிட்டு தண்ணி வரும்னு வானத்தைப் பார்த்தாங்க. அதனால அங்க 160 ஏக்கர்காரன் ஓடினான், இங்க 25 ஏக்கர்காரன் மாடி வீடு கட்டினான். அதுக்காக வெள்ளைக்காரன் தர்மப் பிரபுன்னு அர்த்தம் இல்ல, நிலம் உனக்கு சொந்தம் இல்ல, வாரிசு இப்படித்தான், மரத்தை வெட்டக் கூடாதுன்னு 1906-ல ஒரு மசோதா கொண்டு வந்தான், தண்ணி வரியையும் ஏத்தினான். பகத் சிங்கோட சித்தப்பா அஜித் சிங் முன்னால நின்னு "பகடி சம்பால் ஜட்டா", தலைப்பாகையைப் பாத்துக்கோடா ஜாட்டுன்னு 1907-ல பெரிய கிளர்ச்சி, அவரையும் லாலா லஜபதி ராயையும் பர்மாவுக்கு நாடு கடத்தினான், ஆனா மசோதாவை வைஸ்ராய் மின்டோ நிறுத்த வேண்டியதாப் போச்சு. அந்தப் பாட்டி வீட்ல ரெண்டு முரப்பா இருந்துச்சாம். 1947-ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்து ராஜிந்தர் நகர்ல கிடைச்ச ரெண்டு ரூம்ல குடும்பம் நடத்தி மேல பர்சாத்தி கட்டி எனக்கு வாடகைக்கு விட்டாங்க, வாடகை ஒரு நாள் லேட் ஆனாலும் விட மாட்டாங்க.

கேள்வி (ஜனக்புரி வாசகி): என் அக்கா பையன் கனடால ரெஜைனாங்கிற ஊர்ல இருக்கான் அண்ணா, போட்டோ அனுப்பினா கண்ணுக்கெட்டின வரை கோதுமைதான். அந்தக் குளிர்ல கோதுமை எப்படி வருது?

பதில்: முதல்ல வரலைங்க, அதான் விஷயம். குடியேறினவங்க போட்ட ரெட் ஃபைஃப்ங்கிற கோதுமை நல்ல ரகம்தான், ஆனா முத்தறதுக்கு முன்னாடியே பனி விழுந்து கருக்கிடும், உழைச்சதெல்லாம் ஒரே ராத்திரில போகும். அரசாங்கப் பண்ணையில 1892-ல அந்த ரெட் ஃபைஃபோட இன்னொரு கோதுமையை ஒட்டு சேர்த்தாங்க, அந்த இன்னொண்ணு எங்க இருந்து போச்சு தெரியுமா, நம்ம ஊர்ல இருந்து, அதோட பேரே ஹார்டு ரெட் கல்கத்தா! சீக்கிரமே முத்துற குணம் அதுலேர்ந்து வந்துச்சு. சார்லஸ் சாண்டர்ஸ்ங்கிறவர் 1904-லேர்ந்து அந்த வம்சத்துல வந்த செடிகளை ஒண்ணு ஒண்ணா பொறுக்கி எடுத்து மார்க்விஸ்னு ஒரு ரகத்தை தேத்தினார், 1909 வாக்குல குடியானவங்க கைக்கு வந்துச்சு, ஒரு வாரம் முன்னாடியே அறுவடை, அந்த ஒரு வாரத்துலதான் சஸ்காச்செவான், ஆல்பர்ட்டா பூரா கோதுமை நாடாச்சு. கோமகாட்டா மாருல வந்தவனை இறங்க விடல, கல்கத்தா கோதுமையை மட்டும் கேள்வி கேக்காம உள்ள விட்டிருக்காங்க.

அவர் ரகத்தை எப்படி பொறுக்கினார்னா, ஆரம்பத்துல மாவு மில்லு கூட இல்லாம ஒவ்வொரு செடியில இருந்தும் கொஞ்சம் மணியை வாயில போட்டு மென்னு பார்ப்பாராம், ரப்பர் மாதிரி இழுவை எவ்ளோ வருதுன்னு. நாமளும் சின்ன வயசுல மாவு மிஷினுக்கு கோதுமை கொண்டு போறப்ப ஒரு கை அள்ளி வாயில போட்டு சூயிங்கம்னு மென்னோமே, அதேதான். உங்க அக்கா பையனை ஒரு பிடி அள்ளி மென்னு பார்த்துட்டு போன் பண்ணச் சொல்லுங்க, நம்ம கோதுமைக்கும் அதுக்கும் இழுவை எப்படின்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்.